பெயர் நீக்கப்பட்டது

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டு மெஹர் மேடம் கொடுத்தது. "ஹெலன், நீங்க கேக்குற கதையெல்லாம் வீட்டுக்குச் சுமந்துட்டுப் போறீங்க. முகத்துலயே தெரியுது. எழுதி எறக்கி வச்சிருங்க" என்றார். மெஹர் மேடம் வழக்கறிஞர். பாளையங்கோட்டையில் எங்கள் நுகர்வோர் துணை மையத்தை நடத்துகிறவர். அவர் சொன்னால் நான் மறுப்பதில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

என் வேலை இதுதான். வங்கிகளாலும் நிதி நிறுவனங்களாலும் ஏமாந்தவர்கள், அலைக்கழிக்கப்பட்டவர்கள் எங்களுக்குப் புகார் அனுப்புவார்கள். நான் அதைப் படித்து, அவர்களை ஃபோனில் கூப்பிட்டு, நடந்தது இப்படித்தானா என்று கேட்டு உறுதி செய்வேன். பிறகு புகார் அந்த நிறுவனத்துக்குப் போகும். கடைசியாக ஒரு கேள்வி கேட்பேன்: இதைப் பொதுப் பக்கத்தில் போடச் சம்மதமா? சரி என்றால் அவர்களுடைய பேர், ஊர், ஃபோன் நம்பர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு இணையதளத்தில் ஏற்றுவோம். வங்கியின் பேர் இருக்கும், கிளையின் பேர் இருக்கும், அவர்கள் சொன்ன பதிலும் இருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வேண்டாம் என்றால் அந்தப் புகார் வெளியே தெரியாது.

இன்று வள்ளியூரிலிருந்து ஒரு பெண். அடகு வைத்த நகையைச் சொல்லாமல் கொள்ளாமல் ஏலம் விட்டுவிட்டார்கள். அழாமல்தான் பேசினாள். சம்மதமா என்று கேட்டபோதுதான் குரல் உடைந்தது. "போடுங்கக்கா. ஆனா எங்க மாமியா படிச்சாலும் நான்தான்னு தெரியக்கூடாது, என்ன?" தெரியாது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையில் வாக்கிங் போனவர் மதியம்தான் வந்தாராம். கூட வேலை பார்த்த பழைய பஸ் டிப்போ ஆட்களைப் பார்த்தேன், பேச்சு நீண்டுவிட்டது என்றார். வாக்கிங் போக இஸ்திரி போட்ட சட்டை எதற்கு என்று தெரியவில்லை.

ஜூன் 6, வியாழன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. முருங்கைக்காய் சாம்பார். அவர் பாதியில் எழுந்துவிட்டார். வெயில் என்றார்.

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனைக்குக் கோவிலுக்குப் போய் வந்தோம். மகள் பியூலா கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள். ஆறாம் மாதம் முடிகிறது. பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வருவதாக மருமகனும் சம்மதித்துவிட்டாராம். "அப்பாட்ட குடும்மா" என்றாள். அவர் ஃபோனை வாங்கி, "நீ ஒண்ணுக்கும் யோசிக்காத. நல்ல ஆஸ்பத்திரியா பாத்துருவோம்" என்றார். பேசி முடித்ததும் ஃபோனை என்னிடம் தராமல் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

பிப்ரவரியில் அவர் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்றார். வந்த பணத்தைப் பஜாரில் உள்ள வங்கிக் கிளையில் டெபாசிட் பண்ணியாயிற்று, வருஷா வருஷம் வட்டி வரும் என்று சொல்லியிருந்தார். பத்திரத்தை நான் கேட்டுப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் வரவு செலவு அவர் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ஊர் உலகத்துக்கெல்லாம் "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால படிச்சீங்களா?" என்று கேட்கிறவள் நான். வீட்டில் கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும்.

பழைய காட்டன் சேலைகளை எடுத்து வெந்நீரில் அலசிக் காயப் போட்டேன். பிள்ளைக்குத் துணி வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

மையத்துக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அதே வங்கிதான், பஜாரில் கிளை வைத்திருக்கும் வங்கி. எங்கள் பொதுப் பக்கத்தால் அவர்கள் நற்பெயர் கெடுகிறதாம். எத்தனை புகார் என்ற எண்ணிக்கையை மட்டும் போட வேண்டுமாம். மக்கள் எழுதியது எதுவும் வெளியே தெரியக்கூடாதாம்.

கம்ப்யூட்டர் பார்க்கும் இசக்கியப்பன் ஒரேயடியாகக் கோபப்பட்டார். "எண்ணிக்கைய வச்சு நாக்கு வழிக்கவா? ஒருத்தருக்கு என்ன நடந்துச்சுன்னு படிச்சாத்தான அடுத்தவன் சூதானமா இருப்பான்?"

மெஹர் மேடம் சத்தம் போடவில்லை. "ஜூலை கடைசியில நம்ம மையத்துக் கமிட்டியக் கூட்டுவோம். அவங்க வக்கீலும் வரட்டும். ஜனங்களும் வரட்டும். எல்லார் முன்னாலயும் பேசி முடிவெடுப்போம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா ஹெலன், பேரில்லாத புகாரு பொய்ப் புகாருன்னு அவங்க சொல்லுவாங்க. அதுக்கு நம்மகிட்ட என்ன பதில் இருக்கு?" என்றார்.

பேரை அடிப்பதே நான்தான்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று ஒரு புகார் வந்தது. அதைப் பற்றி எழுதவில்லை.

பால்காரருக்கு மாதக் கணக்கு முடித்தேன். தேங்காய் இரண்டு வாங்கினேன். ஒன்று அழுகல்.

ஜூன் 19, புதன்

எழுதிவிடுகிறேன்.

நேற்று காலை கம்ப்யூட்டரைத் திறந்ததும் புதிய புகார் ஒன்று இருந்தது. முதல் வரி: "அம்மா அவர்களுக்கு, வணக்கம்." எல்லாரும் ஐயா என்றுதான் தொடங்குவார்கள். பஜார் கிளை. டெபாசிட் என்று சொல்லி, பத்து வருஷம் பணம் கட்ட வேண்டிய இன்சூரன்ஸ் பாலிசியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அடுத்த தவணை கட்டாவிட்டால் போட்டதும் திரும்பாது என்று தபால் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. தினமும் கிளைக்குப் போய் மேனேஜர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு வாருங்கள் என்கிறார்கள். "பென்ஷன் பணம் குடும்பச் செலவுக்குச் சரியாகிவிடும். தவணை கட்ட வழியில்லை. என் மனைவி ஹெலனுக்கு இது தெரியாது" என்று எழுதியிருந்தது.

கீழே பேர்: ஞானதுரை. ஃபோன் நம்பரை நான் பார்க்கவே வேண்டியதில்லை.

திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. எத்தனை நாள் யோசித்து எழுதினாரோ. வருகிற புகாரையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். நான் படிக்கிறேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மெஹர் மேடத்திடம் போய்ச் சொன்னேன். எங்கள் வீட்டுப் புகாரை நானே பார்க்கக்கூடாது, இசக்கியிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன். மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆதாரமெல்லாம் இசக்கி சரிபார்க்கட்டும். அது முறை. ஆனா ஃபோன் நீங்க பண்ணுங்க."

"நான் எப்படி மேடம்?"

"குறை சொல்ல எத்தனையோ எடம் இருக்கு. இங்க வந்து போட்டிருக்காரு. அவருக்கு உங்ககிட்டதான் சொல்லணும் ஹெலன். வாய் வரல, அவ்வளவுதான்."

சாயந்தரம் வீட்டில் அப்பளம் பொரித்தேன். நான் அடுப்படியிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பார்த்தால் பேப்பரை விரித்துக்கொண்டார். நானாவது கேட்டிருக்கலாம். எனக்கும் வாய் வரவில்லை. இரண்டு பேரும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஊரில் ஒரு பொட்டு மழை இல்லை.

ஜூன் 21, வெள்ளி

மையத்து ஃபோனிலிருந்து கூப்பிட்டேன். அப்படியே எழுதி வைக்கிறேன், மறந்துவிடக்கூடாது.

"வணக்கம். நுகர்வோர் துணை மையத்துலருந்து பேசுறேன். ஞானதுரை சாரா?"

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமினார். "ஆமா. ஞானதுரைதான் பேசுதேன்."

"நீங்க அனுப்புன புகார் கெடைச்சுது சார். சில விவரம் கேக்கணும். இப்ப பேசலாமா?"

"பேசலாம் மேடம்."

முப்பது வருஷத்தில் என்னை மேடம் என்று கூப்பிட்டதில்லை. நான் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். எந்தத் தேதியில் போனீர்கள், யார் பேசினார்கள், கையெழுத்துப் போடுமுன் படித்துக் காட்டினார்களா. எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு இடத்தில், "படிச்சுக் காட்டல மேடம். நானும் படிக்கல. மரியாதையா சார் சார்னு பேசினாங்க, நம்பிட்டேன்" என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

"கடைசியா ஒண்ணு சார். இத பொதுப் பக்கத்துல போடச் சம்மதமா? உங்க பேரு, விலாசம் எதுவும் இருக்காது."

"போட்டா வீட்டுல தெரிஞ்சிரும்லா?"

"வீட்டுல தெரிஞ்சா என்ன சார்?"

"ஏசுவா."

"ஏச மாட்டாங்க சார்."

"நீங்க எப்படிச் சொல்லுதீய?"

"எனக்குத் தெரியும்."

பக்கத்தில் இசக்கி எழுந்து வெளியே போய்விட்டார். நல்ல மனுஷன்.

"அழுவாளா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் அழுவாங்க சார்."

"அதான் மேடம் எனக்கு ஆகாது." மூச்சை இழுத்து விட்டார். "யோசிச்சுச் சொல்லட்டுமா?"

"மெதுவாச் சொல்லுங்க சார். ஒண்ணும் அவசரம் இல்ல." அதோடு வைத்திருக்க வேண்டும். கேள்விப் பட்டியலில் இல்லாத ஒன்று வாயில் வந்துவிட்டது. "சாப்பிட்டீங்களா?"

"இல்ல. இனிமேத்தான்."

"நேரத்துக்குச் சாப்பிடுங்க சார்."

வைத்துவிட்டேன். பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது டீ போட்டு மூடி வைத்திருந்தார். சர்க்கரை அதிகம். இரவுச் சாப்பாட்டில் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினார்.

ஜூன் 25, செவ்வாய்

சாயந்தரம் முழுக்க அவர் ஃபோனும் கையுமாக இருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு ஏதோ படித்துக்கொண்டே இருந்தார். காய்கறி நறுக்குகிற சாக்கில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கள் பொதுப் பக்கம்.

"வள்ளியூர்ப் பக்கத்துப் பொம்பள போல. பாவம்" என்றார். ஊர்ப் பேரை நான் அடித்துத்தான் போட்டேன். பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"ஆமா" என்றேன்.

இன்னும் கொஞ்சம் தள்ளினார். "பஜார் கிளையிலயே வேற ஆட்களும் இருக்காவளே."

"இருக்காங்க."

"இவரு வாத்தியாரா இருந்தவராம். இந்தம்மா நர்ஸு. எல்லாம் படிச்ச ஆளுவ."

"ஆமாங்க."

"நான் ஒருத்தன்தான் மடையன்னு..." அதோடு நிறுத்திவிட்டார். ஃபோனில் சார்ஜ் இல்லை என்று உள்ளே போனார். போகும்போது என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். எழுந்து நிற்கப் பிடிமானத்துக்கு வைத்தது மாதிரிதான் இருந்தது.

வெண்டைக்காயை ரொம்பப் பொடியாக நறுக்கிவிட்டேன்.

ஜூன் 27, வியாழன்

நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மையத்துக்கு ஃபோன் பண்ணியிருக்கிறார். இசக்கி எடுத்திருக்கிறார். "ஞானதுரை பேசுதேன். சம்மதம்னு அந்த மேடத்துட்ட சொல்லிருங்க" என்றாராம்.

ஆதாரங்களையெல்லாம் இசக்கி ஏற்கெனவே சரிபார்த்து வைத்திருந்தார். இனி என் வேலை. ஞானதுரை என்று வந்த இடத்தில் அடித்து, "பெயர் நீக்கப்பட்டது" என்று போட்டேன். வீட்டு விலாசம், நீக்கப்பட்டது. கடைசிப் பத்தியில் "என் மனைவி ஹெலனுக்கு இது தெரியாது." அதிலும் பேரை எடுக்க வேண்டும். எடுத்தேன். "என் மனைவிக்கு இது தெரியாது."

எத்தனையோ பேர் பேரை அடித்திருக்கிறேன். என் பேரை நானே அடித்தது இதுதான் முதல் தடவை. அந்த வரி இப்போது உண்மையும் இல்லை. ஆனால் திருத்த எனக்கு உரிமை கிடையாது. அப்படியே ஏற்றினேன்.

ஜூலை 4, வியாழன்

திசையன்விளையிலிருந்து ஒருவர், மேலப்பாளையத்திலிருந்து கணவனும் மனைவியுமாக இரண்டு பேர், நாங்குநேரிப் பக்கம் ஒரு ரிட்டயர்ட் தபால்காரர். எல்லோரும் ஒரே பேச்சு: "அந்தப் பஜார் கிளை விஷயம் படிச்சோம். எங்களுக்கும் அதே கததான்." தபால்காரர் சொன்னார், "எம்புள்ளைக்குத் தெரிஞ்சா திட்டுவான்னு இத்தன நாள் அமுக்கி வச்சிருந்தேன் தாயி. அந்த மனுஷன் எழுதினதப் படிச்சதும் ஒரு தைரியம் வந்துட்டு."

வங்கி பதில் அனுப்பியது. வாடிக்கையாளர் எல்லா நிபந்தனைகளையும் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திட்டுள்ளார். எல்லாப் புகாருக்கும் இதே வரிதான், தேதி மட்டும் மாறுகிறது. அதையும் பக்கத்தில் போட்டோம்.

மேடம் எல்லாப் புகாரையும் சேர்த்து, வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "ஒரு தபால்காரர் பேசினாரு. யாரோ எழுதுனதப் படிச்சுத் தைரியம் வந்துச்சாம்" என்றேன். "யாரோ" என்பதை அழுத்திச் சொல்லவில்லை. அவர் தட்டைப் பார்த்தபடியே, "அப்படியா?" என்றார். காதோரம் சிவந்தது.

ஜூலை 9, செவ்வாய்

எனக்கு இன்று லீவு. பத்து மணி வாக்கில் வாசலில் கார் வந்து நின்றது. வங்கியின் மண்டல அலுவலகத்து அதிகாரி. பேர் லோகநாதன். கையில் ஸ்வீட் பாக்ஸ். நான் யார், எங்கே வேலை பார்க்கிறேன் என்பதெல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அவரிடம்தான் பேசினார்.

"சார், ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. கிளையில புதுப் பொண்ணு, டார்கெட் பிரஷர். உங்க பணம் மொத்தமும் இந்த வாரமே அக்கவுண்ட்டுக்கு வந்துரும். நான் பொறுப்பு."

அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "ரொம்ப நன்றி சார்."

"ஒரே ஒரு உதவி. அந்த வெப்சைட்டுல போட்டத எடுக்கச் சொல்லி ஒரு லெட்டர் குடுத்துருங்க. புகாரே இல்லன்னு ஆயிரும். உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

நான் காபி கலக்கப் போனேன். அடுப்படியில் நின்று பாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாடத்தில் பியூலாவின் ஸ்கேன் கவர் இருந்தது. புகாரை எடுத்துவிடுங்கள் என்று மனசு சொன்னது. அதை இங்கே எழுதத்தான் வேண்டும். இத்தனை வருஷம் அந்தப் பக்கத்தைக் காத்துக்கொண்டிருக்கிறவள், பால் பொங்குகிறதற்குள் அதை விற்றுவிட்டேன்.

வெளியே அவர் குரல் கேட்டது. "ஏ புள்ள, இங்க வா."

போனேன்.

"சார் சொல்லுததக் கேட்டியா?"

"கேட்டேன்."

"நீ என்ன சொல்லுத?"

முதல் தடவையாக என்னைப் பார்த்து நேராகக் கேட்கிறார். லோகநாதன் என்னையே பார்த்தார். "புகார் உங்களுது" என்றேன். "முடிவும் நீங்கதான் சொல்லணும்."

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "சார், நீங்க பணத்தக் குடுத்துருங்க. குடுத்தவுடனே நானே எழுதிக் குடுக்கேன், வங்கி தப்ப ஒத்துக்கிட்டு முழுப் பணத்தையும் திருப்பிட்டுன்னு. அதையும் அதே எடத்துல கீழ போடுவாங்க. படிக்கிறவன் உங்களப் பெருமையாத்தான நெனப்பான்?"

"அது சரி சார், ஆனா மேல உள்ளத..."

"மேல உள்ளத எடுத்துட்டா, அந்தத் தபால்காரரு மறுபடியும் ஒத்தயில ஆயிருவாருலா."

லோகநாதன் காபியைக் குடிக்காமல் எழுந்தார். "மேடம் சொல்லிக் குடுத்தாங்களா சார்?" என்று சிரித்தபடி கேட்டார்.

"அவ எங்கிட்ட இதப் பத்தி ஒரு வார்த்த பேசினதில்ல சார். அதான் எனக்குக் கஷ்டமே" என்றார் அவர்.

கார் போன பிறகு ஸ்வீட் பாக்ஸ் இங்கேயே இருந்துவிட்டது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை ஓடினார். கார் போய்விட்டது. அங்கே நின்ற ஆட்டோக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. மாடத்திலிருந்த ஸ்கேன் கவரை எடுத்துப் பீரோவில் வைத்தேன்.

ஜூலை 15, திங்கள்

பணம் வரவில்லை. தவணைக் கெடு முடிந்துவிட்டது என்று இன்னொரு தபால் வந்தது. அவர் படித்துவிட்டு எங்கேயும் ஒளித்து வைக்கவில்லை. டிவி மேலேயே வைத்தார். நான் துடைக்கும்போது எடுத்துத் துடைத்துவிட்டு அங்கேயே வைத்தேன்.

ஜூலை 19, வெள்ளி

அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னங்க என்றதும் வாயு என்றார். வலுக்கட்டாயமாக டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஈசிஜி சரியாகத்தான் இருக்கிறது. கவலையைக் குறையுங்கள் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே வந்தார்.

ஜூலை 26, வெள்ளி

கமிட்டிக் கூட்டம். கிறிஸ்தவப் பள்ளி ஒன்றின் ஹாலை வாங்கியிருந்தோம். பத்துப் பேர் வந்தால் பெரிது என்று நினைத்தேன். நாற்காலி போதவில்லை. வள்ளியூர்ப் பெண் பேர் சொல்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குரலை வைத்துக் கண்டுகொண்டேன். தபால்காரர் மகனோடு வந்திருந்தார்.

வங்கியின் வக்கீல் நன்றாகப் பேசினார். பேரில்லாதவர்கள் எழுதுவதை ஊரெல்லாம் படிக்க வைப்பது நியாயமா, யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, இவர்கள் உண்மையில் இருக்கிறார்களா என்பதற்கே என்ன சாட்சி என்று கேட்டார். கமிட்டியில் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். மெஹர் மேடம் பதில் சொல்ல எழுந்தார்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். "நான் இருக்கேன்."

காலையில் டிப்போ நண்பர் வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்ன மனுஷன். கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் திரும்பியதும் ஒரு நொடி பின்வாங்கினார். பிறகு நடுவழியில் வந்து நின்றார்.

"எம்பேரு ஞானதுரை. டிப்போவுல வேல பாத்து ரிட்டயர்டு ஆனவன். பஜார் கிளையப் பத்தி அதுல ஒரு புகாரு இருக்கு. என் மனைவிக்கு இது தெரியாதுன்னு முடியும். அது நான் எழுதினது."

வக்கீல் ஒரு தாளைப் புரட்டினார். "உங்க மனைவி இந்த மையத்துலதான வேல பாக்குறாங்க?"

பாதிப் பேர் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஆமா சார். அதுக்காகத்தான் இங்க போட்டேன்" என்றார் அவர். "வீட்டுல அவ மொகத்தப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. இங்க எழுதினா அவ படிப்பான்னு தெரியும். அவ படிச்சா. ஒரு நாளும் ஏசல. பேரு இல்லாம எழுத ஒரு எடம் இருந்துச்சு, அதனாலதான் இன்னிக்குப் பேரச் சொல்லுதேன். இந்த எடம் இல்லன்னா நான் இன்னும் அந்த மேனேஜரு ரூமு வாசல்லதான் உக்காந்திருப்பேன்."

தபால்காரர் எழுந்தார். பிறகு மேலப்பாளையத்துக் கணவனும் மனைவியும். வள்ளியூர்ப் பெண் எழுந்திருக்கவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். அவள் எழுந்திருக்க வேண்டியதும் இல்லை.

பக்கம் அப்படியே இருக்கலாம், வங்கி சொல்லும் பதிலை முழுசாகப் பக்கத்திலேயே போட வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. தலையாட்டிய இருவரில் ஒருவர் எங்கள் பக்கம் வந்துவிட்டார். இன்னொருவர் எதிர்த்தே ஓட்டுப் போட்டார். வங்கி கோர்ட்டுக்குப் போகலாம். போனால் பார்த்துக்கொள்வோம் என்றார் மேடம்.

கூட்டம் கலைந்த பிறகு நாற்காலி அடுக்கினோம். அவரும் வந்து அடுக்கினார். மேடம் அவரிடம், "வணக்கம் சார், நான் மெஹ்ருன்னிஸா" என்றார். இத்தனை வருஷத்தில் இருவரும் இன்றுதான் சந்திக்கிறார்கள். அவர் கூச்சத்தில் இரண்டு தடவை கும்பிட்டார்.

ஜூலை 28, ஞாயிறு

கோவிலில் இரண்டு பேர் அவரிடம் வந்து மெதுவாக ஏதோ கேட்டார்கள். பாலிசித் தாளைக் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

குறைதீர்ப்பு அதிகாரியின் உத்தரவு வந்தது. பஜார் கிளைப் புகார்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே உத்தரவு. கட்டிய பணத்தை வங்கி திருப்பித் தர வேண்டும். வட்டி கிடையாது, அலைந்த அலைச்சலுக்கும் ஒன்றும் கிடையாது. மேல்முறையீடு செய்யலாம் என்றார் மேடம். அவர் வேண்டாம் என்றார். தபால்காரர் செய்யப் போகிறாராம்.

நகை ஏலம் போன வள்ளியூர்ப் பெண்ணுக்கு இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. நாளைக்கு மறுபடி கூப்பிட வேண்டும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பணம் வந்துவிட்டது. ஃபோனில் மெசேஜ் வந்ததும் அவர் வந்து என்னிடம் காட்டினார். கோயம்புத்தூருக்கு இரண்டு டிக்கெட் போட்டார். பியூலாவைக் கூட்டி வர வேண்டும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் எதிரே தூங்குகிறார்.

ஜங்ஷனுக்கு ரொம்ப சீக்கிரம் வந்துவிட்டோம். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, நான் எதுவும் கேட்காமலே அவர் பேச ஆரம்பித்தார். "பிப்ரவரியில ஒரு நாள் பேங்குக்குப் போனேன்" என்று தொடங்கினார். முழுவதையும் ஆதியிலிருந்து சொன்னார். அவர் எழுதியதைப் படித்துப் படித்து எனக்கு வரி வரியாகத் தெரியும். அடுத்து என்ன வரும் என்றும் தெரியும். எதுவும் தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

புகாரில் இல்லாத ஒன்று வந்தது.

"மொதல்ல அவங்க சொன்ன ஸ்பெஷல் டெபாசிட் வேண்டாம்னுதான் சொன்னேன். சாதா டெபாசிட் போதும்மான்னு எந்திரிச்சிட்டேன். அப்ப அந்தப் பொண்ணு ஒண்ணு கேட்டா. சார், நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா உங்க வீட்டு மேடம் என்ன செய்வாங்கன்னு."

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்ப உக்காந்துட்டேன். அதுக்குப் பொறவு அவ ஒண்ணும் சொல்ல வேண்டியிருக்கல. காட்டுன எடத்துலல்லாம் கையெழுத்துப் போட்டேன்."

"முக்கியமான விஷயம்லா. ஃபோன்ல அத்தன கேள்வி கேட்டேனே, இத ஏன் சொல்லல? எழுதவும் இல்லையே?" என்றேன்.

"ஊரே படிக்கிற எடத்துல அத எப்படி எழுத?" என்றார்.

ரயில் வரும் சத்தம் கேட்டது. அவர் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் பின்னாலேயே போய் ஏறினேன்.